இடக்கைப் பெட்டி

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால், சப்பாத்துத் தட்டுக்கு மேலே, ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பதினொரு கையுறைகள். ஜோடி என்று எடுக்க ஒன்றுகூட இல்லை. ஒன்பது இடக்கைக்கு உரியவை, அவை என்னுடையவை. இரண்டு வலக்கைக்கு உரியவை, அவை மகளுடையவை. அவள் இடக்கைப் பழக்கக்காரி.

எட்டுப் பனிக்காலம் நாயோடு நடந்ததில் மிஞ்சிய சொத்து இது. எந்தக் கையால் காரியம் பார்க்கிறோமோ அந்தக் கையின் உறைதான் தொலையும். நாய் குந்துகிறது. நான் வலக்கை உறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்குகிறேன். பையைப் பிரித்து, குனிந்து, அள்ளி, முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் அது ஓர் அணிலைக் கண்டுவிடுகிறது. கக்கத்தில் இருந்தது எங்கே விழுந்தது என்ற யோசனை அடுத்த தெருவில்தான் வரும். திரும்பிப் போனால் அதற்குள் ஸ்னோ கொட்டி மூடியிருக்கும், அல்லது ஸ்னோ தள்ளும் வண்டி எல்லாவற்றையும் ஒரு கரையாக ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும்.

நாய்க்குப் பெயர் மேப்பிள். மகள் வைத்தது. அம்மாவின் வாயில் அது நுழையவில்லை, மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிறா. ஒருநாள் ஊரிலிருந்து போன் எடுத்த சித்தியிடம் "மாப்பிள்ளை இப்பதான் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கிறார்" என்று சொல்லப்போய், எங்களுக்குச் சொல்லாமல் எப்போது கலியாணத்தை முடித்தீர்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரே கோபம். பாதி லாப்ரடோர், மீதிப் பாதி எவரும் அறியார். முப்பது கிலோ. ஸ்காபரோவில் மொர்னிங்சைட் பூங்காவுக்குள் இறங்குகிற சரிவில், ஹைலண்ட் கிறீக் ஓடையின் பக்கமாக, காலை ஆறரைக்கும் இரவு ஒன்பதுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவது அதன் தொழில்.

நாய் வரும்வரை எனக்குக் கையுறை தேவைப்பட்டதே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் பஸ் தரிப்புகளில் நின்றிருக்கிறேன். மலிவுக் கடையில் ஒரு ஜோடி கறுப்புப் பின்னல் கிளவுஸ் வாங்கினால் இரண்டு வருடம் போகும். அதையும் பாதி நாள் போடுவதில்லை. ஏனென்றால் ஜாக்கெட்டில் பொக்கற் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவன் இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கலாம். நாயோடு போகிறவனுக்கு அது இல்லை. ஒரு கை கயிற்றுக்குச் சொந்தம். ரொறொன்ரோ நகரச் சட்டப்படி அந்தக் கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. இரண்டு மீற்றருக்குள் நாயும் நானும் ஒருவர் குளிரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டும்.

பனிச்சறுக்குக் கையுறை வாங்கு என்றார்கள். வேலையிடத்தில், கோவிலில், தமிழ்க்கடை வரிசையில், எல்லோரும் இதையே சொன்னார்கள். வாங்கினேன். மலையிலிருந்து மணிக்கு ஐம்பது கிலோமீற்றரில் இறங்குகிறவனுக்காகச் செய்த பொருள் அது. அவனுடைய உடம்பு முழுவதும் வேலை செய்கிறது, இரத்தம் கொதித்துக்கொண்டிருக்கிறது. நாயோடு போகிறவன் நடப்பவன் என்று பெயர், உண்மையில் அவன் நிற்பவன். ஒவ்வொரு மின்கம்பத்திலும், ஒவ்வொரு வேலி மூலையிலும், நேற்று வேறொரு நாய் எழுதிவைத்த கடிதத்தை மேப்பிள் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை நிற்கிறவன். நாற்பது நிமிட நடையில் பதினைந்து நிமிடமாவது நிலைக்குத்தாக நிற்கிறேன். அந்த நிற்றலுக்குக் கையுறை செய்கிற கம்பனி எதையும் நான் காணவில்லை.

விரல்களைப் பற்றி ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்குத் தெரியவந்த ஒரு செய்தி: விரலுக்குள் தசை கிடையாது. மடக்குவதும் நீட்டுவதும் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கிற தசைகள். பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுப்பதுபோல, அவை நாண்களால் விரலை இழுக்கின்றன. உடம்பில் வேலை செய்கிற தசைதான் சூடு உண்டாக்கும். ஆகவே விரல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உழைத்துத் தேட முடியாத பிள்ளை, இரத்தம் கொண்டுவந்து ஊட்டவேண்டும். குளிர் பட்டதும் உடம்பு முதலில் செய்கிற காரியமோ அந்தப் படியளப்பைக் குறைப்பது. விரல்நுனித் தோலுக்குள் நாடியையும் நாளத்தையும் நேரே இணைக்கிற சின்னக் குழாய்கள் இருக்கின்றன. வெயிலில் திறந்து சூட்டை வெளியே விடுகிற அவை, குளிரில் இறுக மூடிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற உடம்பு விரலைக் கைவிடுகிறது. மெல்லிய உருளை வேறு. உள்ளே இருப்பதோடு பார்த்தால் வெளித்தோல் அதிகம். கோப்பையில் இருக்கிற தேத்தண்ணியைச் சாசரில் ஊற்றினால் எப்படி ஆறுமோ அப்படி ஆறும்.

ஆனால் உடம்பு அப்படியே கைகழுவிவிடுவதும் இல்லை. லண்டனில் இதயநோய் ஆராய்ச்சி செய்த தோமஸ் லூயிஸ் 1930இல் இதை எழுதினார். விரலைப் பனிக்கட்டித் தண்ணீருக்குள் வைத்தால் முதலில் குருதிக் குழாய்கள் சுருங்கும், சில நிமிடங்கள் கழித்துத் தாமாகவே திறக்கும், மறுபடி சுருங்கும், மறுபடி திறக்கும். எதையோ தேடி அலைவதுபோல் இருந்ததால் இதற்கு வேட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்த வேட்டை எனக்கு எங்கே நடக்கும் என்றுகூடச் சொல்வேன்: ஓடைப்பாலத்துக்கு முன்னால் இருக்கிற மூன்றாவது மின்கம்பத்தடியில். அதுவரை மரக்கட்டையாக இருந்த விரல்களுக்குள் ஊசி குத்துவதுபோல் ஒரு சூடு வரும். வலி என்றும் சொல்லலாம், சுகம் என்றும் சொல்லலாம். வாய்விட்டு ஏதாவது சொல்லத் தோன்றும். மேப்பிள் திரும்பிப் பார்க்கும்.

காலையில் போனை எடுத்து வெப்பநிலை பார்க்கிறோம். −20 பாகை என்கிறது. மணிக்கு முப்பது கிலோமீற்றர் காற்று இருந்தால் அதற்குக் கீழே −33 என்று இன்னோர் எண் வரும். காற்றுக்குளிர் எண். இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1941இல் அந்தாட்டிக்காவில் போல் சைப்பிளும் சார்ள்ஸ் பாசலும் ஒரு பிளாஸ்ரிக் உருளைக்குள் கால் கிலோ தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்தார்கள். சைப்பிள் 1928இல் ஒரு சாரணப் பையனாக அந்தாட்டிக்காவுக்கு முதல்முறை போனவர். அந்த உருளைத் தண்ணீரை வைத்துத்தான் பிறகு வட அமெரிக்கா காற்றுக்குளிரை அளந்தது. 2001இல் அதைத் திருத்த முடிவு செய்தபோது சோதனை நடந்த இடம் எங்கள் ரொறொன்ரோ. பன்னிரண்டு பேர் முகத்தில் உணர்கருவி ஒட்டிக்கொண்டு, குளிர்காற்றுச் சுரங்கத்துக்குள், ஓடும் பட்டையில் மணிக்கு 4.8 கிலோமீற்றர் வேகத்தில் நடந்தார்கள். இன்று போனில் வருகிற −33 அவர்கள் கன்னத்திலிருந்து வந்தது.

ஆக அது முகத்தின் கணக்கு. கைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் நிற்காமல் நடந்தவர்கள், கையில் நாய் இல்லாதவர்கள். காற்றுக்குளிர் எண் −28இலிருந்து −39 வரை காட்டினால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூடிய தோல் எப்போது உறையும் என்பது எதால் மூடினோம் என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தில் அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள, கடை தொடங்குகிறது.

கடைக்கு மனைவியும் வந்தா. ஒரு முழுச் சுவர் கையுறை. நான் லேபிளை வாசித்துக்கொண்டு நின்றேன். தின்சுலேட் 40, தின்சுலேட் 100, தின்சுலேட் 150. பலர் இதை ஏதோ பாகைக் கணக்கு என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மினசோட்டாவின் 3எம் கம்பனி 1970களில் கொண்டுவந்த மெல்லிய செயற்கை இழை அது. எண் காட்டுவது ஒரு சதுர மீற்றர் திணிப்பில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை மட்டும். இழை எதுவானாலும் சூடு காப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுத்தான். அளவு சின்னதாக வாங்கிக் கையை இறுக்கித் திணித்தால் அந்தக் காற்றும் போய்விடும், இரத்தமும் வராது. விலை கூடிய இறுக்கத்தைவிட மலிவான தொளதொளப்பு நல்லது. வேலைக்காரர்களுக்கான பகுதியில் சில உறைகளில் ஈஎன் 511 என்ற ஐரோப்பியத் தரம் அச்சடித்திருந்தது. அதில் மூன்று இலக்கம்: காற்றால் வருகிற குளிர், தொடுவதால் வருகிற குளிர், தண்ணீர் புகுமா புகாதா. கடை முழுக்க எனக்கு மரியாதையாகப் பதில் சொன்ன லேபிள் அது ஒன்றுதான். தொடுகுளிர் என்று தனியாக ஒன்று இருப்பதை ஒத்துக்கொள்கிறதே! உறைந்த இரும்புக் கொளுக்கியைக் கழுத்துப்பட்டியில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

"என்னப்பா, நாயைக் கொண்டுபோறதுக்கு இவ்வளவு படிப்போ?" என்றா மனைவி. "இதுக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ, சூடாயிருக்கோ எண்டு. இருந்தா வாங்குங்கோ, போவம்."

கடைக்குள் எல்லாக் கையுறையும் சூடாகத்தான் இருக்கும். அங்கே இருபத்திரண்டு பாகை.

அன்று வாங்கியது நான்குவிரலும் ஒரே அறையில் குடியிருக்கிற மிட்டன். பெருவிரலுக்கு மட்டும் தனியறை. ஐந்து விரலுக்கும் தனித்தனி வீடு கட்டிக்கொடுக்கிற கிளவுஸைவிட இது சூடு என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து உள்ள சூட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. கூட்டுக்குடும்பத்தின் நன்மை. கூட்டுக்குடும்பத்தின் மற்றக் குணமும் அதில் உண்டு, ஒருவராலும் தனியாக ஒரு வேலையும் செய்ய முடியாது. முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு போய் முதல் மின்கம்பத்திலேயே எனக்குத் தெரிந்தது, கை சூடாக இருக்கிறது, ஆனால் செவிடாகிவிட்டது.

கயிறு வழியாக ஒரு பேச்சு நடக்கிறது. நாய் வளர்க்காதவர்கள் கயிற்றைக் கட்டு என்று நினைப்பார்கள். மேப்பிள் அணிலைக் காண்பதற்கு அரை விநாடி முன்னால் கயிற்றில் ஒரு விறைப்பு வரும். வேறு நாய் தெரிந்தால் ஒரு நடுக்கம். தெருவில் போட்ட உப்பு காலைச் சுட்டால் ஒரு இழுப்பும் உடனே ஒரு தொய்வும். வயிற்றைக் கலக்கினால் கயிறு வட்டம் போடும். அந்த அரை விநாடிக்குள் என் விரல் அதைப் படித்துவிட்டால் கயிற்றை ஒரு சுற்றுச் சுருக்கிக்கொள்வேன். படிக்காவிட்டால் முப்பது கிலோவும் வழுக்குப் பனித்தரையும் சேர்ந்து என்னைப் படிக்கும். இது விளையாட்டுப் பேச்சில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2020 வரையான அவசரசிகிச்சைப் பதிவுகளை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் பார்த்தபோது, கயிற்றில் நாயைக் கொண்டுபோய்க் காயப்பட்டு வந்த பெரியவர்கள் ஏறத்தாழ 4,22,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காயங்களில் ஆக அதிகமானது விரல் எலும்பு முறிவு.

சூடு வேண்டுமா, செவி வேண்டுமா? இரண்டும் ஒரே துணியில் கிடைப்பதில்லை. தடிப்பு ஏற ஏறச் சூடு கூடும், சேதி குறையும். இதில் இன்னொரு வஞ்சகம்: விரலின் தோல் பதினைந்து பாகைக்குக் கீழே போனால் விரலே மந்தமாகிவிடும், அதற்கும் கீழே தொடு உணர்வு போய்விடும். மெல்லிய உறை போட்டாலும் கடைசியில் செவிடுதான், கொஞ்சம் பிந்தி.

மேல்மூடியைத் திறந்து விரல்நுனியை வெளியே நீட்டுகிற மாதிரியும் வாங்கிப் பார்த்தேன். படத்தில் பார்க்கப் பேரறிவுபோல் இருக்கும். மூடியும் அரைவிரலும் சந்திக்கிற இடத்தில் காற்றுப் போக ஒரு வாசல் இருப்பது பாலத்துக்கு வந்த பிறகு தெரியும். இரும்புத்தூள் துருப்பிடிக்கிற சூட்டில் வேலை செய்கிற சின்னப் பொட்டலங்கள் இருக்கின்றன, நல்லவை, ஆனால் துருப்பிடிக்கக் காற்று வேண்டும், இறுக்கிய கையுறைக்குள் அவை தூங்கிவிடும். தொடுதிரைக்கென்று நுனியில் கடத்தும் நூல் கோத்தவை வந்தன. நாயோடு போகும்போது போன் பார்ப்பது எனக்குப் பிடிக்காது, இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மகள் முதல் சம்பளத்தில் பற்றரி வைத்துச் சூடாக்கும் கையுறை வாங்கித் தந்தாள். மணிக்கட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பற்றரி. போட்டால் குத்துச்சண்டைக்காரன். மூன்று நாள் கழித்துத் தயக்கத்தோடு திருப்பிக் கொடுத்தபோதுதான் ஒரு பழைய சொல் சிரித்துக்கொண்டு எதிரே வந்து நின்றது. எங்கள் அகப்பாட்டு மரபில் கையுறை என்றால் குளிருக்குப் போடுவதில்லை. தலைவன் தலைவிக்கென்று கையில் கொண்டுவருகிற தழையும் பூவும்தான் கையுறை, காணிக்கை. அதைத் தோழி ஏற்காமல் சாக்குச் சொல்வதற்குக் கையுறை மறுத்தல் என்று ஒரு துறையே இருக்கிறது. இந்தத் தழை எங்கள் மலையில் இல்லை, ஊரார் பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்கிற மாதிரிச் சாக்குகள். நான் மகளிடம் சொன்னது: "பிள்ளை, பற்றரி பாரமாயிருக்கு. கயிறு கையில நிக்குதில்லை." ஊரில் எங்களுக்குக் காலுக்கு மேஸ் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை மேஸ். கைக்கு ஒரு சொல்லே தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது காணிக்கைக்கு வைத்திருந்த சொல்லை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டோம்.

மறுத்தலில் மேப்பிள் என்னைவிடத் தேர்ந்தது. தெருவுக்குப் போடுகிற உப்பு விரலிடுக்கில் புகுந்து எரிகிறதென்று நான்கு றப்பர்ச் சப்பாத்து வாங்கினோம். புதுச் செருப்புப் போட்ட கொக்குமாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, வாசலிலேயே மூன்றைக் கழற்றி எறிந்தது. அதன் பாதத்துக்குள் இருப்பதைப் பிறகு அறிந்தபோது எனக்குப் பொறாமை வந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள்: பாதத்துக்குப் போகிற நாடியைச் சுற்றி நாளங்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. கீழே குளிர்ந்து திரும்புகிற இரத்தம், மேலிருந்து வருகிற சூட்டு இரத்தத்திடம் வழியிலேயே சூட்டை வாங்கிக்கொண்டு உடம்புக்குள் போகிறது. பாதம் உறையாது, உடம்பும் ஆறாது. நான் ஒரு சுவர் முழுக்கத் தேடினதை அது காலுக்குள் வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது. அதைத் தோற்கடிக்கிறது குளிரைவிட உப்புத்தான். உப்புப் பட்ட பனி தண்ணீராகிறது, ஆனால் பூச்சியத்துக்கும் கீழேயுள்ள தண்ணீர்.

ஜக் லண்டனின் ஒரு சிறுகதை இந்த விஷயத்தில் என்னை விடுவதில்லை. நெருப்பு மூட்டுவது பற்றிய கதை. அவர் அதை இரண்டுமுறை எழுதினார். 1902இல் பையன்களுக்கான பத்திரிகைக்கு எழுதியதில் நாய் கிடையாது, மனிதன் பிழைத்துக்கொள்கிறான். 1908இல் மறுபடி எழுதியபோது ஒரு நாயைக் கொண்டுவந்தார், மனிதன் செத்துப்போகிறான். உலகத்தில் எல்லோரும் படிப்பது இரண்டாவதை. யூக்கோனின் கடுங்குளிரில் தனியாக நடக்கிறவன் அவன். கதையைக் குளிரின் கதை என்பார்கள். எனக்கு அது கையுறை கழற்றுகிற கதை. சாப்பிடுவதற்காக ஒருமுறை கழற்றுகிறான், சில நொடியில் விரல் விறைக்கிறது. நெருப்புக்குச்சி உரசக் கழற்றுகிறான். மரத்திலிருந்து பனி விழுந்து நெருப்பு அணைந்தபிறகு மறுபடி கழற்றுகிறான், இப்போது குச்சியைப் பிடிக்க விரல் இல்லை, கட்டைகள்தான் இருக்கின்றன. கடைசியில் நாயைக் கொன்று அதன் சூட்டுக்குள் கையை விடலாமென்று நினைக்கிறான். நாயைக் கட்டிப்பிடிக்க முடிகிறது, கத்தியை எடுக்க முடியவில்லை. அவன் போட்டிருந்த உறை நல்ல உறைதான். அதைப் போட்டுக்கொண்டு செய்யமுடியாத வேலைகள் இருந்தன, அவ்வளவுதான்.

அலாஸ்காவிலும் யூக்கோனிலும் நாய்வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நாயோடு குளிரில் போவதில் அவர்களைவிட அனுபவசாலிகள் இல்லை. பனியும் பனிக்கட்டியும் வெட்டாமல் இருக்க ஒவ்வொரு நாய்க்கும் நான்கு காலுறை மாட்டவேண்டும். பதினான்கு நாய் என்றால் ஐம்பத்தாறு கால். பெரிய உறையோடு அதைச் செய்ய முடியாது. ஆகவே அவர்கள் முழங்கை வரை வருகிற மிகப்பெரிய மிட்டன்களைக் கழுத்தில் சுற்றிய கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள், உள்ளே மெல்லிய உறை. வேலை வந்தால் கையை உதறினால் போதும், பெரிய உறை கழன்று தொங்கும். முடிந்ததும் பல்லால் கடிக்காமல், தேடாமல், கையை அப்படியே உள்ளே நுழைத்துக்கொள்வார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகுதான் அத்தனை வருடமாக நான் கடைகளில் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தது. எவ்வளவு சூடு என்று கேட்டேன். எப்படிக் கழரும், எவ்வளவு சுருக்காகத் திரும்ப ஏறும் என்று கேட்டிருக்கவேண்டும். மணிக்கட்டில் இறுக்குகிற பட்டி, இழுவைநாடா, உள்ளே வியர்வையில் ஒட்டிக் கையோடு வெளியே வந்துவிடுகிற துணி, எல்லாம் கடைக்குள் கவனத்துக்கு வராதவை. ஈரவிரலோடு அந்த உள்துணியைத் திரும்ப ஐந்து குகைக்குள்ளும் தள்ளுகிற நேரத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறிவிடும்.

இங்கே பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு இருக்கிறது. ஒரு உறையிலிருந்து மற்ற உறைக்கு, ஜாக்கெட்டின் கைகளுக்குள்ளால் முதுகைச் சுற்றிப் போகும். கனடியர்கள் அதை மடையன் கயிறு என்ற பொருள்படத்தான் அழைக்கிறார்கள். அம்மாவைக் கேட்டேன். ஊலன் நூலைப் பின்னி ஒன்று செய்து தந்தா. "சின்னனில உனக்குப் புத்தகப் பைக்குப் பின்னித் தந்தனான்" என்றா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னோடு கூட நடக்க வருவதை மட்டும் அந்தப் பனிக்காலம் நிறுத்திக்கொண்டா.

இரண்டு கையும் ஒரே வேலை செய்வதில்லை என்பதை ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம் எடுத்தது. ஜோடியாக விற்பதால் ஜோடியாகப் போட்டுக்கொள்கிறோம். நாய் எனக்கு இடப்பக்கம் நடக்கிறது, இடக்கை கயிற்றுக்கை. அது கழரவே தேவையில்லை, கேட்கவேண்டும், பிடிக்கவேண்டும். வலக்கை வேலைக்கை. அது கேட்கத் தேவையில்லை, கழரவேண்டும். ஒரு தேவாலயத்தில் நடந்த கிறிஸ்துமஸ் விற்பனையில் நியூஃபவுண்ட்லாந்துக்காரக் கிழவி ஒருத்தி பின்னி வைத்திருந்த உறை கிடைத்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் தனியறை, மற்ற மூன்றும் கூட்டுக்குடும்பம். துப்பாக்கி விசை இழுக்க, மீன்வலை பார்க்க அந்தத் தீவில் காலகாலமாகப் பின்னுகிற மாதிரி அது. தடித்த ஆட்டுமயிர், கொஞ்சம் ஈரம் குடித்தாலும் குளிராது. சுட்டுவிரலும் பெருவிரலும் கயிற்றைப் படித்துக்கொண்டிருக்க, பின்னால் மூன்று பேர் சூட்டைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இடக்கைக்கு அது. வலக்கைக்கு மான்தோல் மிட்டன், உள்ளே ஊலன், ஒரு அளவு பெரிது. மான்தோல் நனைந்து காய்ந்தாலும் மாட்டுத்தோல்போல் விறைக்காது. அதை வினிபெக் பக்கத்தில் குப்பைக்காரர் உறை என்பார்கள், குப்பை அள்ளுகிறவர்கள் போட்டதால். நான் நாய்க்குப் பின்னால் அள்ளுகிறவன், பெயர் பொருந்தும்.

இரண்டு ஜோடி வாங்கி ஒரு ஜோடி செய்தேன். மிஞ்சிய இடக்கை மிட்டன் பெட்டிக்குள் போனது. மிஞ்சிய வலக்கைக் கம்பளி உறையில் மேப்பிளுக்குக் கொடுக்கிற ஈரல் பிஸ்கற்றின் மணம் எப்படியோ ஏறியிருந்தது. சுட்டுவிரலை முதலில் தின்றது.

இந்த ஏற்பாடு பரவாயில்லாமல் ஓடுகிறது. −24இல் ஓர் இரவு பையின் வாய் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது, அந்த மெல்லிய பச்சைப் பை, எந்தப் பக்கம் வாய் எந்தப் பக்கம் அடி என்று தெரியாத பை. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி உரசினால் திறக்கும், ஆனால் அந்தக் குளிரில் ஈரவிரல் என்பது நல்ல யோசனையில்லை. இரண்டு நிமிடம் போராடியிருப்பேன். மேப்பிள் தன் காரியம் முடிந்த திருப்தியில் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையை உதறி மிட்டனுக்குள் விட்டபோது விரல்கள் வெள்ளையாக இருந்தன. மூன்றாவது மின்கம்பத்துக்கு முன்னாலேயே வேட்டை தொடங்கியது.

மார்ச் கடைசியில் ஓடைப்பக்கம் பனி உருகத் தொடங்கும். நான்கு மாதம் மூடிக்கிடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும்: கோப்பிக் கோப்பை மூடிகள், யாரோ அள்ளாமல் விட்டவை, நத்தார் விளக்கு ஒன்று, கையுறைகள். கண்டெடுக்கிற கையுறையை இந்த ஊரில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பக்கத்து வேலிக்கம்பத்தில் செருகிவிட்டுப் போவார்கள், தொலைத்தவர் அந்த வழியால் வரட்டும் என்று. இந்த வருடம் பாலத்துக்கு இந்தப் பக்கம், புல்லோடு ஒட்டிக் கிடந்த ஒன்றை மேப்பிள் மோந்து பிடித்து இழுத்தது. வலக்கை. ஒரு கணம் என்னுடையதென்றே நினைத்தேன். எடுத்துப் பிழிந்து பார்த்தால் சின்னக் கை, ஊதாநிறம், விரல்நுனியில் தேய்ந்த வெள்ளிநூல். என் ஒன்பதில் எதற்கும் இது ஜோடியில்லை.

பூங்கா வேலியின் மூலைக்கம்பத்தில் அதைச் செருகினேன். விரல் ஐந்தும் மேலே நிமிர்ந்து நின்றன. நாலடி தள்ளிப் போனபிறகு மேப்பிள் திரும்பிப் பார்த்தது. ஆளில்லாமல் ஒரு கை நிற்பது அதற்குப் பிடிக்கவில்லை. கயிற்றில் விறைப்பு வந்தது, பிறகு நடுக்கம், பிறகு குரைக்கத் தொடங்கியது. தெரு முனைவரை அதை இழுத்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.